பாதாளச் சாக்கடையா, லாரியா, குட்டையா? டெல்டா நகரங்களுக்கு ஒரு வைரஸ் கணக்கு

காவிரி டெல்டாவில் ஐம்பதாயிரம் பேர் வாழும் ஒரு நகரத்துக்குக் கழிவுநீர்த் திட்டம் வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். நகர்மன்றத்தின் முன் மூன்று வழிகள் இருக்கும். வீடுவீடாக இணைப்புக் கொடுத்து ஊர் முழுவதற்கும் பாதாளச் சாக்கடை போட்டு, கடைக்கோடியில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது முதலாவது. இருக்கிற செப்டிக் டேங்குகளை அப்படியே வைத்துக்கொண்டு, முறை வைத்து லாரியில் கசடை உறிஞ்சி எடுத்து, அதை மட்டும் ஒரு நிலையத்தில் பக்குவப்படுத்துவது இரண்டாவது. நெருக்கமான தெருக்களின் கழிவுநீரை அருகிலேயே திரட்டித் தொடர் குட்டைகளில் தேக்கி, வெயிலுக்கும் காலத்துக்கும் வேலையை விட்டுவிடுவது மூன்றாவது. செலவு, நிலம், பராமரிப்பு ஆகியவற்றை வைத்து இந்த மூன்றையும் ஒப்பிடுவதுதான் வழக்கம். இந்தக் கட்டுரை வேறொரு கேள்வியை முன்வைத்து ஒப்பிடுகிறது: நோய் தரும் வைரஸ் இந்த வழிகள் ஒவ்வொன்றிலும் எங்கே, எத்தனை நாள் தொற்றும் திறனோடு தங்கியிருக்கும், எந்த இடுக்கு வழியாக மறுபடியும் நம் வாய்க்கு வந்து சேரும்?

இந்தக் கேள்வியைத் தனியாக எடுப்பதற்கு 1955ஆம் ஆண்டின் இறுதியில் டெல்லியில் நடந்ததே போதுமான காரணம். நஜஃப்கர் வடிகாலின் சாக்கடை, யமுனையில் வஜீராபாத் அருகே குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டிவிட்டது. நிலையத்தில் படிகாரமும் குளோரினும் போட்டே நீரை ஊருக்குள் விட்டார்கள். டைபாய்டு கூடவில்லை, சீதபேதியும் கூடவில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. பாக்டீரியாவைக் கொல்லப் போதுமாக இருந்த மருந்து வைரஸுக்குப் போதவில்லை. அந்த வைரஸை அடையாளம் கண்டது 1980களில்தான்; ஹெபடைடிஸ் இ என்ற பெயர் அதன் பிறகே வந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருக்கும் பெண்களை அது கொல்லும் விகிதம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இவ்வளவு தெரிந்த பிறகும், கழிவுநீர் நிலையங்களுக்கென மத்திய அரசு 2017இல் வெளியிட்ட விதி 100 மில்லிலிட்டருக்கு 1,000 வரை, மலம் கலந்ததைக் காட்டும் மலக் கோலிஃபார்ம் பாக்டீரியாவை அனுமதிக்கிறதே தவிர, வைரஸுக்கென்று ஓர் அளவும் வைக்கவில்லை. ஆகவே ‘நிலையம் விதிப்படி ஓடுகிறது’ என்ற சான்று நம் கேள்விக்கு விடையாகாது.

வைரஸ் சாக்கடையில் பெருகுவதில்லை. பெருக அதற்கு மனித உடலின் உயிரணு வேண்டும். வெளியே வந்தபின் எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் போகும். எவ்வளவு மெதுவாகக் குறைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொழுப்பு உறை போர்த்திய கொரோனா போன்றவை சோப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் விரைவில் சிதைந்துவிடும். உறையில்லாமல் வெறும் புரத ஓட்டுக்குள் அடங்கிய போலியோ, ரோட்டா, நோரோ, அடினோ, ஹெபடைடிஸ் ஏ போன்றவை அப்படியல்ல. இரைப்பையின் அமிலத்தையும் பித்தநீரையும் கடந்து வரப் பழகியவை, நீரில் வாரக்கணக்கிலும், இருட்டும் குளிர்ச்சியும் கிடைத்தால் மாதக்கணக்கிலும் தாக்குப்பிடிக்கும். ரோட்டா கண்ட குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட வைரஸ்கள் வெளியேறக்கூடும். நோரோ தொற்றுவதற்கோ சில பத்துத் துகள்கள் உள்ளே போனாலே போதும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நீக்கம் என்ற பெருமையின் மதிப்புப் புரியும்: லிட்டருக்குப் பத்து லட்சம் இருந்த இடத்தில் இன்னும் பத்தாயிரம் மிச்சம்.

அளவையும் கவனிக்க வேண்டும். போலியோ வைரஸ்களை ஒன்றையடுத்து ஒன்றாக வரிசை வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய முப்பதாயிரத்துக்கு மேல் தேவைப்படும். இவ்வளவு சிறியவை தனியாக மிதப்பதைவிட மலத்துகளிலும் களிமண்ணிலும் ஒட்டிக்கொண்டு பயணிப்பதையே அதிகம் காண்கிறோம். ஒட்டிக்கொண்டவை வெயிலுக்கும் குளோரினுக்கும் மறைந்துகொள்கின்றன, கசடோடு அடியில் படிகின்றன, அங்கே நீரில் இருப்பதைவிட நெடுநாள் கிடக்கின்றன. சுத்திகரித்துத் தெளிந்த நீரில் வைரஸ் குறைந்திருந்தால் அதில் ஒரு பங்கு அழியவில்லை, கசடுக்கு இடம் மாறியிருக்கிறது என்றே பொருள்.

இனி டெல்டாவின் தரையைப் பார்ப்போம், ஏனென்றால் கோயம்புத்தூருக்குச் சரியாக வரும் திட்டம் இங்கே சரியாக வரும் என்று சொல்ல முடியாது. நிலம் தட்டையாகக் கிடக்கிறது. சரிவு பார்த்து நீர் தானே ஓடும் என்று நம்ப வழியில்லை. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுகிறது. அதன் பிறகு ஆறும் வாய்க்காலும் வறண்டு கிடக்கும் மாதங்களில் அரசலாற்றிலோ வெண்ணாற்றின் கிளைகளிலோ ஓடுவது பல ஊர்களில் ஊரின் கழிவுநீர் மட்டும்தான். கலந்து நீர்த்துப்போக மேல்நீர் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ நிலத்தடி நீர் தரைக்கு ஓரடி, இரண்டடி கீழே வந்து நிற்கிறது. ஒரே ஆண்டுக்குள் நேரெதிரான இந்த இரண்டு நிலைகளையும் தாங்குகிற திட்டம் எதுவோ அதுவே நமக்கு ஆகும்.

முதல் வழியான பாதாளச் சாக்கடையின் பலம், மலம் வீட்டைவிட்டும் தெருவைவிட்டும் மூடிய குழாயில் வெளியேறிவிடுகிறது என்பது. நன்றாக ஓடும் நிலையத்தில் காற்றூட்டி நுண்ணுயிர்களை வளர்க்கும் முறை வைரஸில் பத்தில் ஒன்பது பங்கையோ, நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கையோ நீக்கும். பலவீனம் டெல்டாவின் தட்டையான தரையில்தான் தெரியவருகிறது. சரிவு இல்லாததால் குழாய் போகப்போக ஆழமாகிறது. ஆழமான குழாய் மழைக்காலம் முழுவதும் நிலத்தடி நீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. இணைப்புகளின் இடுக்கு வழியாக ஊற்றுநீர் உள்ளே புகுந்து, நிலையத்துக்கு வரும் நீரின் அளவை அதன் கொள்ளளவுக்கு மேல் ஏற்றிவிடுகிறது. அப்போது தங்கும் நேரம் குறைகிறது, பாதி பக்குவத்தில் நீர் வெளியே விடப்படுகிறது. கோடையில் அதே இடுக்கு வழியாகச் சாக்கடை வெளியே கசிகிறது. வழியெங்கும் உந்து நிலையங்கள் வைத்துத்தான் நீரைத் தள்ள வேண்டும் என்பதால் மின்சாரம் நின்றால் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கே வரும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் கரையைக் கடந்த பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்களை நினைவில் வைத்திருப்பவர்கள், ‘ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாம்’ என்ற ஒற்றை வரிப் பதிலை ஏற்கமாட்டார்கள்.

நிலையத்தின் வாயிலில் குளோரின் போடுகிறோமே என்பார்கள். இங்கே ஒரு கணக்கு பலருக்கும் தெரிவதில்லை. தெளிந்த நீரில், 25 டிகிரி வெப்பத்தில், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில், வேறெதனோடும் சேராத தனிக் குளோரின் இருந்தால், பதினாயிரம் வைரஸில் ஒன்றுதான் மிஞ்சும்படி கொல்ல இரண்டு நிமிடம் போதும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அட்டவணை. ஆனால் கழிவுநீரில் அம்மோனியா நிறைய உண்டு. போட்ட குளோரின் அதனோடு சேர்ந்து குளோரமைனாகிவிடும். அதே அட்டவணைப்படி குளோரமைனுக்கு அதே வேலையைச் செய்ய 497 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல் தேவை. பாக்டீரியா குளோரமைனுக்கும் ஓரளவு அடங்கிவிடும் என்பதால் கோலிஃபார்ம் சோதனை தேறிவிடுகிறது. வைரஸ் தேறி ஆற்றுக்குப் போகிறது. அம்மோனியாவை முதலில் முழுதாகக் கழிக்காத நிலையத்தில் குளோரின் தொட்டி வைத்திருப்பது, வைரஸைப் பொறுத்தவரை, பெரும்பாலும் கண்துடைப்புதான். புற ஊதா விளக்கு இதைவிட மேல். ஆனாலும் அடினோ வைரஸ் மற்றவற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலான ஒளியளவைத் தாங்கக்கூடியது, கலங்கிய நீரில் விளக்கின் ஒளி உள்ளே போவதுமில்லை.

இந்த வழிக்கு வேறெதற்கும் இல்லாத ஒரு நன்மை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஊர் முழுவதின் கழிவும் ஓரிடத்தில் கூடுவதால், ஒரு குப்பி நீரை எடுத்துச் சோதித்தால் ஊரில் எந்த வைரஸ் நடமாடுகிறது என்று மருத்துவமனைக்கு நோயாளி வருமுன்பே அறியலாம். இந்தியாவில் போலியோவுக்காக 2001இல் மும்பையில் தொடங்கிய சாக்கடைக் கண்காணிப்பு அப்படிப்பட்டதுதான். 2022இல் லண்டன் சாக்கடையில் போலியோ வைரஸ் தென்பட்டதும் இதே முறையில்தான். சோதனையில் மனித மலம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்கிட உதவும் அளவுகோல்களில் ஒன்று, நாம் சாப்பிடும் மிளகாயின் வைரஸ் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மிளகாய்ச் செடியைத் தாக்கும் அந்த வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாமல் குடல் வழியாகக் கோடிக்கணக்கில் வெளியேறுகிறது. காரக்குழம்பு சாப்பிடும் ஊரில் அந்த அளவுகோலுக்குப் பஞ்சம் வராது.

இரண்டாவது வழியில் லாரிதான் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதது செப்டிக் டேங்கிலிருந்து வழிந்தோடும் நீர். கழிவுநீர் அந்தத் தொட்டியில் தங்குவது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். கனமானவை அடியில் படியும், வைரஸில் பெரும்பகுதி வழிநீரோடு வெளியே போகும். லாரி வந்து எடுப்பது மூன்றாண்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கசடைத்தான். வழிநீர் அன்றாடம் எங்கே போகிறது என்று பார்த்தால், உறிஞ்சுகுழி இருந்தால் மண்ணுக்கு, இல்லாவிட்டால் வீட்டு முன்னால் ஓடும் சாக்கடைக்கு. இந்தியத் தர நிர்ணயம் உறிஞ்சும் அமைப்புக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் விடச் சொல்கிறது. இருபதடி முகப்பும் நீளக் கொல்லையும் கொண்ட நம் பழைய தெரு வீடுகளில், ஒரு வீட்டின் கொல்லைக் குழிக்கும் அடுத்த வீட்டின் அடி பம்புக்கும் இடையே அந்த அறுபதடி எங்கே இருக்கிறது? வண்டல் களிமண் வைரஸைப் பிடித்து வைக்கும் என்பது உண்மை; ஆனால் அது பிடித்து வைத்திருப்பது நீரில் கரைந்த உப்புகளின் உதவியால். அடைமழையின் நீர் உப்பில்லாத நீர். அது இறங்கும்போது பிடிபட்டிருந்தவை மறுபடி கழன்றுகொள்ளும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போன்ற கடலோர மணலில் களிமண்ணின் அந்தப் பிடிப்பும் கிடையாது.

கசடைப் பொறுத்தவரை இந்த வழி நல்ல வழியே. 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் புதுக் கசடு சேர்க்காமல் உலரவிட்டால் வைரஸ் அபாயம் மிகவும் குறைந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி. சுண்ணாம்பு கலந்து கார அளவை (pH) 12க்கு மேல் ஏற்றினால் மணிக்கணக்கிலேயே காரியம் முடியும். வெயிலும் சுண்ணாம்பும் நமக்குப் புதிதல்ல. லாரிக்காரர் இரவில் வடிகாலிலோ தரிசிலோ திறந்துவிட்டுப் போகாமல் நிலையத்துக்கே வருகிறாரா என்பதுதான் கவலை. நிலையம் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் டீசல் கணக்கு அவரை வடிகாலுக்கே அனுப்பும்.

மூன்றாவது வழியான குட்டைகளில் வைரஸை அழிப்பது வெயிலின் புற ஊதாக் கதிர், பாசி வளர்வதால் கூடும் காரத்தன்மை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம். இரண்டு முதல் மூன்று வாரம் தேங்கினால் பத்தில் ஒன்பது பங்கு குறையும் என்பது பல நாடுகளின் குட்டைகளை அளந்து கிடைத்த பொதுவான கணக்கு. இருபது நாள் தேக்குவது என்றால் எவ்வளவு இடம் வேண்டும்? ஐம்பதாயிரம் பேர், ஆளுக்கு 100 லிட்டர் கழிவுநீர் என்றால் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர்; இருபது நாளுக்கு ஒரு லட்சம் கன மீட்டர்; ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் நிறுத்தினால் நீர்ப்பரப்பு மட்டும் 8 ஹெக்டேர். தஞ்சாவூர்க் கணக்கில் சொன்னால் மூன்று வேலி. ஊரையொட்டி மூன்று வேலி நஞ்சையை விட்டுக்கொடுக்க யாரும் எளிதில் முன்வரமாட்டார்கள். மழைமூட்டம் கவிந்த கார்த்திகையில் வெயிலும் குறையும், மழைநீர் புகுந்து தேங்கும் நாளும் குறையும். இருந்தாலும் மின்சாரம் போனால் குட்டையின் வேலை நின்றுவிடாது. பழுது என்று வந்தால் கரை உயர்த்தவும் தூர் வாரவும் தெரிந்த கைகள் ஊரிலேயே இருக்கின்றன.

மூன்றையும் இப்படி வைத்துப் பார்க்கும்போது, எந்த வழியும் தன்னந்தனியாக வைரஸை முடித்துவிடுவதில்லை என்பதால், முடிவு நீர் போய்ச் சேரும் இடத்தையும் சேர்த்தே எடுக்கப்பட வேண்டும். வாய்க்காலில் விட்டால் அது கீழே உள்ள ஊரின் குளியல்துறைக்கும், கீரைப் பாத்திக்கும் போகும். கொள்ளிடத்தின் மணற்படுகைக் கிணறுகளிலிருந்துதான் வேதாரண்யம் வரை கூட்டுக் குடிநீர் போகிறது. அந்த மணல்தான் வைரஸை வடிகட்டும் கடைசித் தடுப்பு, அள்ள அள்ள அதுவும் மெலிகிறது. ஆற்றில் விடுவதைவிடத் தென்னைக்கும் மூங்கிலுக்கும் பாய்ச்சுவது நல்லது என்று நான் கருதுவது இதனால்தான். நீர் காயைத் தொடாது, மண்ணில் போதுமான நாள் கிடக்கும்.

சாக்கடையிலிருந்து குடத்துக்கு வரும் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. அதை அடைக்காமல் எந்தத் திட்டத்துக்குப் பணம் போட்டாலும் பாதிப் பயன்தான். எங்கள் தெருவின் வீட்டு இணைப்புகள், அரை அங்குலக் குழாயில், திறந்த சாக்கடையைக் குறுக்கே கடந்து, பல இடங்களில் அதன் நீர்மட்டத்துக்குக் கீழேயே போகின்றன. தண்ணீர் விடுவது ஒருநாள்விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம். மற்ற நேரங்களில் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. விடும் நேரத்தில் தலைமடை வீடுகள் அரை குதிரைத்திறன் மோட்டாரை நேரே குழாயில் மாட்டி உறிஞ்சுகின்றன. கடைமடை வீட்டுக் குழாயில் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, இணைப்பின் விரிசல் வழியாகச் சாக்கடையே உள்ளே இழுக்கப்படுகிறது. முதல் குடம் கலங்கலாக வரும், ஒருவிதமாக நாறும்; அதைக் கொட்டிவிட்டு இரண்டாவது குடத்தைப் பிடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு கார்த்திகை மாதத்தில் என் தம்பி மகளுக்கும் எதிர்வீட்டில் இருவருக்கும் காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், மருத்துவரிடமும் போனோம், தேறிவிட்டார்கள். புகார் கொடுத்த இடத்தில் மேல்நிலைத் தொட்டியில் எடுத்த சோதனைத் தாளைக் காட்டி, குளோரின் சரியாக இருக்கிறது என்றார்கள். தொட்டியில் இருந்தது, கடைமடைக் குழாயில் யாரும் அளக்கவில்லை.

ஆகவே என் பரிந்துரை இது. ஏற்கெனவே பாதாளச் சாக்கடை உள்ள தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற மாநகராட்சிகள் அதைக் கைவிட வேண்டியதில்லை. அங்கே பணம் போக வேண்டியது புதுக் குழாய்க்கு அல்ல, இணைப்புகளின் கசிவை அடைப்பதற்கும், அம்மோனியாவைக் கழித்த பிறகு கிருமிநீக்கம் செய்வதற்கும். 2028இல் மகாமகத்துக்கு லட்சக்கணக்கானோர் சில நாள்களுக்குள் வந்து போகும் கும்பகோணத்துக்கு இது இன்னும் அவசரம்.

புதிதாகத் தொடங்கும் ஐம்பதாயிரம் பேர் நகரத்துக்கு நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் இணைப்பேன். செப்டிக் டேங்குகள் இருக்கட்டும். அவற்றின் வழிநீரை மட்டும் எடுத்துச்செல்ல மெல்லிய குழாய்களை ஆழமில்லாமல் போடலாம். கட்டியெல்லாம் தொட்டியிலேயே நின்றுவிடுவதால் இந்தக் குழாய்க்குப் பெரிய சரிவு தேவையில்லை, தட்டையான தரைக்கு இதுவே பொருந்தும். கடைத்தெரு, சன்னதித் தெரு, பேருந்து நிலையம் போன்ற நெருக்கமான பகுதிகளில் இதை முதலில் செய்து, பகுதிக்கு ஒரு குட்டைத் தொடராகப் பிரித்தால், மூன்று வேலியை ஒரே இடத்தில் தேட வேண்டியதில்லை. வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் புறநகரில் தரைக்கு மேல் உயர்த்திய மண்மேட்டுப் பாத்திகளில் வழிநீரைப் பரப்பலாம். உறிஞ்சுகுழியை ஆழமாக வெட்டுவது அடைமழையில் நிலத்தடி நீருக்குள் நேரே குழாய் விடுவதற்குச் சமம். லாரிக்கான கட்டணத்தை வீட்டுக்காரர் லாரிக்காரர் கையில் கொடுக்காமல் நகராட்சி வரியோடு வசூலித்து, நிலையத்தில் இறக்கிய நடைக்கு மட்டும் லாரிக்குப் பணம் கொடுத்தால், இரவில் வடிகாலில் திறந்துவிடுவதில் அவருக்கு லாபம் இருக்காது. உரிய பாதுகாப்பில்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஒப்பந்தத்தில் அதைத் தனி வரியாக எழுத வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் சில ஆண்டு பிடிக்கும். அதற்கு முன், வரும் ஐப்பசிக்குள்ளேயே செய்யக்கூடியது சாக்கடைக்குள் மூழ்கிக் கிடக்கும் வீட்டு இணைப்புகளைக் கணக்கெடுத்து மேலே தூக்கிப் போடுவதும், நேரடி மோட்டார்களைக் கழற்றுவதும், குளோரின் சோதனையை மேல்நிலைத் தொட்டியிலிருந்து கடைமடைக் குழாய்க்கு மாற்றுவதும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் தனிக் குளோரின் இருக்க வேண்டும், காமாலை பரவும் காலத்தில் 0.5. சோதிக்கும் பெட்டியில் ஒரு கண்ணாடிக் குழலும் சொட்டு மருந்தும்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் நிறம் பார்த்துச் சொல்லிவிடும். எங்கள் தெருக் கோடி வீட்டில் இப்போது அதைத்தான் செய்கிறோம், தண்ணீர் விடும் நாளெல்லாம், முதல் குடத்திலும் ஐந்தாவது குடத்திலும்.